பாதிப் புடவை ஏரியல்

எங்கள் தெருவில் ஒருத்தியிடமும் இரண்டாவது புடவை கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். குட்டையில் முழுகி எழுந்து, நனைந்த புடவையில் ஒரு பாதியை உடம்பில் சுற்றிக்கொண்டு, மறு பாதியை இன்னொருத்தியிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்வோம். அது காய்ந்ததும் அதை உடுத்திக்கொண்டு ஈரப் பாதியைக் காயவைப்போம். கரிக்கலாம்பாக்கத்துக்குக் கிழக்கே எங்கள் குட்டைக்கரையில் எந்தச் சாயங்காலம் பார்த்தாலும் பெண்கள் இரண்டிரண்டு பேராகப் புடவை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்னாசிமுத்து அண்ணன் செய்த ரேடியோக்களில் ஒன்றே ஒன்றுதான் பேசியது. அது பேசியதும் இந்த வழக்கத்தால்தான்.

இன்னாசிமுத்து வில்லியனூர்க்காரர். புதுச்சேரியில் ரேடியோ விற்கும் கடை ஒன்றில் ஆறு வருஷம் கூட்டிப் பெருக்கினார். பழுது பார்க்கிறவனின் தோளுக்குப் பின்னால் நின்றே தொழிலைத் திருடிக்கொண்டார். அவருக்கு இருந்தது ஒரே யோசனை.

"ரேடியோன்னா மேச மேலதான் வெக்கணும்னு எவன் சொன்னான்? நம்ம சனத்துல எவன் வூட்ல மேச இருக்குது? மேல மாட்டிகினு நடக்கணும்பா. நாத்து நடும்போதும் கேக்கணும், கரும்பு வெட்டும்போதும் கேக்கணும்."

முதலில் பனையோலைத் தொப்பி செய்தார். சுற்றிலும் செம்புக் கம்பி, உச்சியில் ரேடியோ பிடிக்கிற படிகக் கல், அதன்மேல் ஊசி. அதை மாட்டிக்கொண்டு கிருமாம்பாக்கம் சந்தையில் மூன்று வாரம் நின்றார். கேட்டதெல்லாம் கருவாட்டுக்காரியின் சத்தம்தான். அடுத்தது குடை ரேடியோ. கம்பிகள் தொங்கும் அந்தக் குடையைப் பார்த்து மாடுகள் வண்டியோடு வாய்க்காலில் இறங்கின. மூன்றாவது தலைப்பாகை ரேடியோ. அதை ஆண்டை சிவப்பிரகாசம் வாங்கிக் கட்டிக்கொண்டு வில்லியனூர்த் தேருக்குப் போனார். மெட்ராஸ் கச்சேரி கேட்கிறது என்று வழியெல்லாம் தலையை ஆட்டித் தொடையில் தாளம் போட்டார். ஊரே வாயைப் பிளந்தது. கம்பி காலையிலேயே அறுந்துபோயிருந்தது என்று இன்னாசிமுத்து அண்ணன் நான்கு பேர் எதிரில் சொல்லிவிட்டார். அதோடு ஆண்டை வீட்டு வாசல் அவருக்கு மூடிப்போனது. ஊர் அவருக்குக் கம்பி இன்னாசி என்று பேர் வைத்தது.

நான்காவது ரேடியோ எங்கள் அக்கா ருக்குமணிக்காகச் செய்தது.

அக்காவின் புருஷன் சாமிக்கண்ணு மாமா 1938இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனார். இன்னாசி அண்ணனுக்குக் கூட்டாளி. தொப்பியைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள். சைகோனிலிருந்து அவர் அனுப்பிய கடைசிப் பொட்டலத்தில் அக்காவுக்கு ஒரு சீப்பும், சட்டைத் துணியில் சுற்றி இரண்டு ரேடியோ வால்வும் இருந்தன. அது நாற்பதாம் வருஷம். அதற்குப் பிறகு கடுதாசி இல்லை. சண்டை முற்றி, ஜப்பான்காரன் சைகோனில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். கப்பல் நின்றது. தபால் நின்றது.

இரண்டு வருஷம் பொறுத்தார்கள். பிறகு மாமாவின் அண்ணன் ஆதிமூலம் சொன்னார்: "செத்தவனுக்கு எள்ளுத் தண்ணி விடாம வச்சிருந்தா குடும்பத்துக்கு ஆவாது. வர்ற ஆடி அமாவாசைக்கு முடிச்சிடலாம். அந்தப் பொண்ணும் எத்தினி நாளைக்குத் தாலியோட திரியும்?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். இரண்டு வருஷமாகத் தம்பியின் நினைப்பையும் தம்பி பெண்டாட்டியையும் சுமந்து களைத்துப்போன ஆள். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தம்பியைவிடச் செத்த தம்பி அவருக்கு வசதியாக இருந்தான். அவ்வளவுதான்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உயிரோட இருக்காருன்னு ஒரு சேதி வந்தா வுட்ருவீங்களா?"

"வந்தா வுட்ருவோம். எங்கேர்ந்து வரும்?"

வரும் என்று இன்னாசி அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. சைகோன் நிலையத்தில் தினம் சாயங்காலம் கால் மணி நேரம், அங்கே மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்குச் சொல்லும் ஒருவரிச் செய்திகளை வாசிக்கிறார்களாம். கடைக்காரர் வீட்டில் கேட்டிருக்கிறார். ஆனால் சண்டைக் காலத்து உத்தரவுப்படி அந்த நிலையத்தைக் கேட்கக் கூடாது. ஊரில் இருந்த இரண்டு மூன்று ரேடியோக்களையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே இது வெளியே தெரியாத ரேடியோவாக இருக்க வேண்டும். வாசிப்பது பிரெஞ்சில். ஆகவே மாட்டிக்கொள்ள வேண்டியது நான்.

நான் அம்சவள்ளி. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்து எங்கள் தெருவிலேயே முதல்முதலாகச் செர்த்திபிகா என்ற பிரெஞ்சுப் பரீட்சை தேறியவள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நானும் நாற்றுதான் நட்டேன்.

ரேடியோவின் கம்பிச் சுருளை மூங்கில் வளையத்தில் சுற்றிச் சவுரிக்குள் வைத்து என் கொண்டையில் முடிந்தார்கள். காதுக்கருவி கூந்தலுக்குள். வால்வுகள் இரண்டும் கத்தரிக்காய் அளவு. தேங்காய்நாரில் பொதிந்து இடுப்பில். அதோடு டார்ச்சுலைட்டுப் பேட்டரிக் கட்டைகள் முப்பது. நகரத்துக் காவல்காரர்கள் தூக்கியெறிந்த கட்டைகளைப் பொறுக்கி, ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீரில் ஊறவைத்து உயிர் கொடுத்திருந்தார் அண்ணன். அவற்றைத் துணியில் வரிசையாகத் தைத்து வயிற்றைச் சுற்றிக் கட்டினால் மூச்சுவிட முடியாது. எர்த்துக்குக் காலில் செம்பு வளையம். சேற்றில் நின்றால் போதும்.

"ஏரியல்தான் வில்லங்கம். நீட்டா ஒசக்க வேணும். மரத்துல கட்டுனா போலீசுக்காரன் கேப்பான்" என்று தலையைச் சொறிந்தார் அண்ணன். அப்புறம் அக்காவின் புடவையைக் கேட்டார். கரையோரமாக எட்டு முழத்துக்கும் மெல்லிய கம்பியை வைத்து அக்காவே தைத்தாள். அதை உடுத்திக்கொண்டு, கம்பி நுனியை என் கொண்டையோடு இணைத்து என்னருகில் நின்றாள். காதில் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. பத்து நாள் இப்படியே போனது. அண்ணன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் நாள் அக்கா குளித்துவிட்டுப் பழக்கம்போலப் பாதிப் புடவையை, ரேடியோவை மாட்டியபடி நின்ற என்னிடம் கம்பி நுனியோடு நீட்டினாள். நான் பின்னுக்கு நகர்ந்து இழுத்தேன். புடவை விறைத்தது. என் காதுக்குள் ஒரு வெள்ளைக்காரன் இருமினான்.

அதன்பிறகு தினமும் அங்கேதான். சூரியன் இறங்கும் வேளையில் அக்கா கரையில் ஒரு முனையைச் சுற்றிக்கொண்டு நிற்பாள், நான் முழங்கால் தண்ணீரில் மறு முனையைப் பிடித்து நிற்பேன். சுற்றிலும் அதேமாதிரி பெண்கள். எவனும் சந்தேகப்பட முடியாது. ஒரு தடவை போலீஸ்காரன் சைக்கிளில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். எங்கள் வறுமையைப் பார்க்க அவனுக்குக் கூச்சம்.

பெண்களுக்குக் கூச்சமில்லை.

"ஏண்டி அம்சு, வயிறு நாளுக்கு நாள் தெரியுதே. எத்தினி மாசம்?"

"முப்பது கட்ட. நீ வந்து பிரசவம் பாரு" என்றேன்.

"படிச்ச வாயி. ருக்கு, ஒன் தங்கச்சி தண்ணிக்குள்ள நின்னுகினு யாருகிட்ட தலையாட்டுறா?"

"கொசுடி" என்றாள் அக்கா. அவள் கண் என் முகத்தை விட்டு அகலாது. கால் மணி நேரமும் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கண்ணை மூடித் திறந்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

வாசிப்பவன் பேரைச் சொல்வான், ஊரைச் சொல்வான், ஒரு வரி சொல்வான். 'இன்னார், பாண்டிச்சேரி, சுகமாக இருக்கிறார், மனைவியை முத்தமிடுகிறார்.' 'இன்னார், காரைக்கால், சென்ற மாதம் காய்ச்சலில் இறந்தார்.' குரலில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் கேட்டதையெல்லாம் நான் நோட்டில் எழுதிவைப்பேன். அது பள்ளிக்கூடத்துப் பழக்கம். சாமிக்கண்ணு என்ற பேர் மட்டும் வரவில்லை. நாற்பத்திரண்டு சாயங்காலம் நின்றேன். என் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது.

அக்காவின் மாமியார் வேலம்மாள் தினமும் வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். "வந்தானாடி?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். "நாளைக்கு வருவான்" என்று எனக்கே ஆறுதல் சொல்வாள்.

அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது இன்னாசி அண்ணன் புதிதாக ஊறவைத்த கட்டைகளோடு வந்தார். நோட்டை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். பாண்டிச்சேரிக்காரர்களை மட்டும் படித்தேன். முப்பத்தாறு பேர். லூயி, மர்சேல், எமில், காஸ்தோன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "எல்லாம் வெள்ளக்காரன் பேராவே இருக்குது. நம்ம பசங்க கப்பல் கப்பலாப் போனானுவளே. ஒரு கோவிந்தன் இல்ல, ஒரு முனுசாமி இல்ல. அது எப்படி?"

நான் நோட்டை முதல் பக்கத்துக்குப் புரட்டினேன்.

பட்டாளத்தில் சேருகிறவன் மேரி என்கிற ஊராட்சி ஆபீசில் போய்ப் பேர் பதிய வேண்டும். சர்க்காருக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று வேண்டும். நம்மவர்களுக்கு அது இல்லை. மேரியில் இருக்கிற குமாஸ்தா பிரெஞ்சுப் பேர் ஒன்றை எழுதிக் கொடுப்பான். பலர் தங்கள் பேரையே மாற்றிக்கொண்டு போவார்கள். பழைய பேரில் நம் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதுப் பேரில் ஒட்டாது. இது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்திருந்தும் நாற்பத்திரண்டு நாள் அந்தப் பேர்களைக் கேட்டுவிட்டு, இவர்கள் கடற்கரை வீதி வெள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன். பிரெஞ்சுப் பேர் உள்ளவன் நம்மவனாக இருக்க மாட்டான் என்று என் மண்டையில் இருந்திருக்கிறது. செர்த்திபிகா தேறிய மண்டை.

"அக்கா, மாமா காகிதத்துல இன்னா பேரு எழுதினாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. எவளும் சொல்வதில்லை. இருக்கிற பேரையே சொல்லாதவள், இன்னொரு பேர் உண்டா என்று கேட்பாளா?

"தெரியாதுடி. நான் கேட்டுக்கல."

கடுதாசிகளில் சாமிக்கண்ணு என்றுதான் எழுதியிருந்தது. பதிலை மேரியில் கொடுத்தால் அவர்களே உறைபோட்டு அனுப்பினார்கள். வேலம்மாளிடம் கேட்டோம். அவள் தலையைத் தொங்கப் போட்டாள். "என்னாவோ ஒரு பேரச் சொன்னாம்மா. கொலதெய்வம் பேர வுட்டுட்டு எவன் பேரையோ வச்சிகினு வந்து நிக்கிறியேன்னு நான்தான் கத்துனேன். இந்த வூட்ல அந்தப் பேரச் சொல்லக் கூடாதுன்னேன். அவன் அப்பறம் சொல்லல."

மறுநாள் விடிந்ததும் மேரிக்கு நடந்தேன். குமாஸ்தா சுப்பராயலு என் பிரெஞ்சை முழுக்கக் கேட்டுக்கொண்டு தமிழில் பதில் சொன்னார்.

"பதிவப் பாத்துப் பேரு எடுக்கணும்னா குடும்பத்து ஆம்பள கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும். நீ யாரு?"

"பொண்டாட்டியோட தங்கச்சி. பேரு மட்டும் சொன்னாப் போதும் ஐயா. ரெண்டு நிமிசம்."

"ஒனக்கு ரெண்டு நிமிசம், எனக்கு வேல போயிடும். அண்ணன்காரன் இருக்கான் இல்ல, அவனக் கூட்டியா."

ஆதிமூலம் மாமா ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ரேடியோவையும் சேர்த்து. அவர் மாட்டை நிறுத்தவே இல்லை.

"கொண்டைக்குள்ள சைகோன் பேசுச்சா?"

"பேசுச்சு மாமா."

"ஆண்டை தலப்பாவுல கச்சேரி கேட்ட மாதிரியா?"

பக்கத்து வயலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "அம்சு, நாலு ஊருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். காரியம் பண்ணி வெக்கிற நம்ம வள்ளுவனுக்கும் சொல்லியாச்சு. இப்பப் போயி கம்பி இன்னாசி பேச்சக் கேட்டு மேரியில நின்னேன்னா என்னை இன்னா சொல்லுவான்? காரியம் முடியட்டும். அப்பறம் எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

அமாவாசையன்று வாய்க்கால் கரையில் காரியம் நடந்தது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் அப்பா வெள்ளைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். எள்ளை வேலம்மாள் கையில் கொடுக்கும் நேரத்தில் எழுந்து நின்று படித்தேன். முப்பத்தாறு பேரையும் படித்தேன். முப்பது பேர் சுகம், ஆறு பேர் சாவு. வேலம்மாள் எள்ளை மூடிய கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் பேராக அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் அசையவில்லை.

படித்து முடித்தேன். ஆதிமூலம் மாமா மெதுவாகத்தான் கேட்டார். "இதுல எவன் என் தம்பி?"

அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். எதையாவது ஒன்றைக் காட்டு என்று அந்தப் பார்வை சொன்னது. முப்பது சுகமான பேர்கள் கையில் இருந்தன. விரலை வைத்திருக்கலாம். ஆறில் ஒன்று அவராக இருந்தால் இந்தக் கிழவியைச் சாகும்வரை வாசலில் உட்காரவைத்த பாவம் எனக்கு என்று நினைத்தேன். கேட்டதை மட்டும் எழுதுகிறவள் என்ற கர்வமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"தெரியல மாமா" என்றேன்.

வேலம்மாள் எள்ளையும் தண்ணீரையும் விட்டாள். பிறகு பெண்கள் அக்காவைச் சுற்றித் துணி பிடித்துக்கொண்டார்கள். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. வெள்ளையில் வெளியே வந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு இரண்டு புடவை.

சொன்னபடி ஆதிமூலம் மாமா பத்தாம் நாள் மேரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். சாவைப் பதிவதற்கும் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு மேல் எழுத்துத் தெரியாதவர் என்பதால் அதை என்னிடம் கொடுத்தார். "பாத்து வையி, எப்பப் பதியணும்னு சொல்லு" என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

காகிதத்தில் சாமிக்கண்ணு என்கிற எமில் மெரியே என்று இருந்தது.

நோட்டைப் புரட்டினேன். பதினேழாம் நாள். என் கையெழுத்து, தெளிவாக, கோடு பிசகாமல். எமில் மெரியே, பாண்டிச்சேரி, சுகமாக இருக்கிறார், தாயாருக்கும் மனைவிக்கும் அன்பு, எனக்காகக் காத்திருக்கவும். இதை நான் வாய்க்கால் கரையில் சத்தமாகப் படித்திருக்கிறேன். அவர் பெண்டாட்டிக்கும், எள்ளைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் தாய்க்கும்.

நோட்டையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா ஆதிமூலம் மாமா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் அந்த வீட்டுக் கஞ்சிக்கு வேலை செய்கிற ஆள். வரப்பில் நான் நின்ற நிலையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சேற்றுக் கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்சு. கெட்ட சேதின்னா சொல்லு. நல்ல சேதின்னா சொல்லாத."

"அக்கா..."

"அத்த தன் கையால எள்ளுத் தண்ணி வுட்டுதுடி. உசுரோட இருக்கிற புள்ளைக்கு வுட்டோம்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிடும். காரியம் பண்ண ஆளு திரும்பி வந்தாலும் எவன் ஊருக்குள்ள விடுவான்? அறுத்தத எவன் கட்டுவான்? நான் இன்னா பண்ணட்டும்?"

சொல்லக் கெட்ட செய்தி என்னிடம் இல்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கால் கரையில் சொல்லாத பொய்யை இங்கே சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாவது கிடைத்திருக்கும். அதற்கும் எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் நிற்க நிற்க அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, கட்டிக்கொண்ட நாளில் இருந்த மாதிரி. பிறகு அது அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத முகமாக ஆனது. வெள்ளை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் களை பிடுங்க ஆரம்பித்தாள்.